கொலெற்: பெட்டியில் இல்லாத ஓர் அளவு



வணிகமாணி படித்துக் கணக்கு எழுதுகிறவனுக்கு இரும்பு வெட்டும் பட்டறையில் என்ன வேலை என்று சென்ற மாத ஒலிபரப்புக்குப் பிறகு இரண்டு பேர் தொலைபேசியில் கேட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒரு சிறிய பட்டறையின் கணக்கை நான் பார்க்கிறேன். அங்கே வெட்டுக்கருவிச் செலவு மாதா மாதம் ஏறிக்கொண்டே போனது. முதலாளி, மில்லிங் மெஷினில் நிற்கும் எங்கள் பெடியன் ஒருவனைக் கைகாட்டி, அவனது சம்பளத்தில் பிடிக்கலாமா என்று கேட்டார். சாதாரணத் தவறால் வரும் சேதத்துக்குச் சம்பளத்தில் கை வைக்கக் கலிபோர்னியாச் சட்டம் விடாது என்று சொல்லிவிட்டு, என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை உள்ளே போனேன்.

காரணம் கொலெற். வெட்டுக்கருவியின் தண்டைச் சுற்றிப் பிடிக்கும், நீளவாட்டில் பல கீறல் போட்ட எஃகுக் குழல் அது. வெளிப்புறம் சரிவாக இருக்கும். நட்டை இறுக்கும்போது தாங்கியின் சரிவான துளைக்குள் தள்ளப்பட்டு, கீறல்கள் ஒடுங்கி, தண்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக நெரிக்கும். துளையிடும் சக்குக்கு மூன்று தாடைகள்தான். துளை போட அது போதும். பக்கவாட்டில் வெட்டும் மில்லிங்குக்கு அதைப் பாவிக்கவே கூடாது, அதிர்வில் கழன்றுவிடும்.

இன்று அதிகம் காண்பது ஈ.ஆர். வகை. 1970களின் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. பிறகு அது பொதுத் தர அளவாகிவிட்டதால் எவர் செய்ததும் பொருந்தும். ஈ.ஆர்.32 கொலெற் ஒன்று பெரும்பாலும் 1 மில்லிமீற்றர் வரை ஒடுங்கும். பழைய பிரிட்ஜ்போர்ட் மெஷின்களின் ஆர்8 அப்படியல்ல, ஒவ்வொரு அளவுக்கும் தனிக் கொலெற் வேண்டும். (அந்த மெஷினை 1930களில் வடிவமைத்த ருடால்ஃப் பன்னோவும் சுவீடனிலிருந்து இங்கே குடிவந்தவர்தான்.)

எங்கள் பெடியன் மொறட்டுவை ஜேர்மன் ரெக்கில் படித்தவன், மில்லிமீற்றரில் பழகிய கை. பட்டறையிலோ எல்லாம் அங்குலம். 3/8 அங்குலத் தண்டு என்றால் 9.525 மில்லிமீற்றர். அதற்கு 10-9 என்று பொறித்த கொலெற் வேண்டும். அவன் 11-10 இல் வைத்துப் பலம் கொண்டமட்டும் இறுக்கினான். அளவுக்கு மீறி ஒடுக்கினால் கொலெற் முழு நீளத்துக்கும் பிடிக்காது, ஓரத்தில் மட்டும் கவ்வும். சுருள் வெட்டுள்ள கருவியோ வெட்டும்போது தன்னைத்தானே வேலைப்பொருளை நோக்கி இழுக்கும். அப்படி மெல்ல மெல்ல இறங்கி, பொருளையும் தோண்டிவிட்டுக் கருவியும் முறிந்தது. ஏன் 10-9 ஐ எடுக்கவில்லை என்று கேட்டேன். இலாச்சியைத் திறந்து காட்டினான். பெட்டியில் அந்தக் குழி வெறுமையாக இருந்தது! எப்போதோ தொலைந்தது, யாரும் வாங்கவில்லை. அவன் முறித்த ஒரு கருவியின் விலைகூட அந்தக் கொலெற்றுக்கு இல்லை.

இன்னொன்றும் அன்று கண்டேன். பலர் கொலெற்றை நேரே தாங்கிக்குள் போட்டு மேலே நட்டைப் பூட்டுகிறார்கள். அது பிழை. முதலில் கொலெற்றைச் சற்றுச் சரித்து நட்டுக்குள் ‘டிக்’ என்று விழும்வரை அமுக்க வேண்டும். பிறகு கருவி, அதன்பின் தாங்கி. இல்லாவிட்டால் கொலெற் நேராக இருக்காது, கருவி ஆடும், கழற்றும்போதும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தண்டு கொலெற் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்க வேண்டும், வெட்டுப் பள்ளங்களில் கவ்வக் கூடாது. பூட்டுமுன் சரிவுகளைத் துடையுங்கள். ஓர் இரும்புத் தூள் போதும் கருவியைக் கோணலாக்க.

கொலெற்றும் தேய்கிற சாமான்தான் என்பதால், கணக்கில் அதற்குத் தனி வரி போட்டுவிட்டேன். இப்போது பெட்டியில் 10-9 இரண்டு இருக்கின்றன. பெடியனும் அங்கேதான் வேலை செய்கிறான்.