'டக்' என்ற ஒலியும் கிளம்பாத மோட்டாரும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் பழைய மோட்டார் வண்டி ஒன்றை வைத்துப் பராமரிப்பது புதிதன்று. அவ்வண்டிகளுள் அம்பாஸிடர் கார் பலரும் அறிந்தது. மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும், நூல் சிப்பமும் துணி மூட்டையும் ஏற்றிக்கொண்டு அவ்வண்டி இன்னும் ஓடும் இடங்கள் உண்டு.

இத்தகைய வண்டிகளில் அடிக்கடி நேரும் கோளாறு ஒன்றைப் பற்றி இங்கு எழுத முற்படுகிறோம். காலையில் ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். 'டக்' என்று ஓர் ஒலி கேட்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நிகழ்வதில்லை. 'செல்ப் எடுக்கவில்லை' என்கிறார் ஓட்டுநர். 'பாட்டரி போய்விட்டது' என்கிறார் அருகில் நிற்பவர். மறுநாள் புதிய பாட்டரிக்குரிய வவுச்சர் செயலாளரின் மேசைக்கு வந்துவிடுகிறது. சில நாட்கள் சென்றபின் அதே 'டக்' மீண்டும் கேட்குமாயின், செலவழித்த பணம் வீண் என்பது அப்போதுதான் தெரியவரும்.

சங்கத்தின் பணம் அங்கத்தினர் ஒவ்வொருவரின் பணமுமாகும். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் கழற்றி எறிவதில்லை. அறுந்த இழை எதுவெனத் தேடிப் பிணைக்கிறார். மோட்டாரிலும் அம்முறையே ஏற்றது. சோதித்த பின்னரே சாமான் வாங்குதல் வேண்டும்.

சாவியைத் திருப்பும்போது நிகழ்வது என்ன?

இரும்புக் கைப்பிடியைக் கொண்டு எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவதே முற்கால வழக்கம். 1912ஆம் ஆண்டு மாதிரி காடிலாக் கார்களில்தான் சார்லஸ் கெட்டரிங் என்பார் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டது. அடிப்படை முறை இன்றளவும் ஏறக்குறைய அதுவே.

எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மிகப் பெரிய மின்னோட்டம் தேவை. சிறிய காரில் அது 100 முதல் 200 ஆம்பியர் வரை இருக்கும். இதனைச் சாவி வழியாகச் செலுத்தினால் சாவியின் உட்பகுதி கருகிவிடும். ஆதலால் இடையில் சொலினாய்டு என்னும் கருவி வைக்கப்பட்டுள்ளது. சாவி வழியே செல்லும் சிறிய மின்னோட்டம் சொலினாய்டிலுள்ள சுருளைக் காந்தமாக்குகிறது. அக்காந்தம் ஓர் இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டு இரு தடித்த செப்பு முனைகளை இணைக்கிறது. அப்போதே பெரிய மின்னோட்டம் பாட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியே மோட்டாருக்குப் பாய்கிறது. அவ்விரும்புத் தண்டு இழுபடும் ஒலியே நாம் கேட்கும் 'டக்'.

ஆகவே இவ்வொலி ஒரு நற்சாட்சி. சாவியும், அதிலிருந்து சொலினாய்டுக்குச் செல்லும் சிறு கம்பியும் பெரும்பாலும் நலமே என்பதை அது தெரிவிக்கிறது. ஒலியே இல்லாவிடின் அவ்விடத்தில் தேட வேண்டும். ஒலி கேட்டும் மோட்டார் சுழலவில்லையெனில், பாட்டரி, தடித்த கேபிள்கள், சொலினாய்டின் செப்பு முனைகள், ஸ்டார்ட்டர் மோட்டார், எஞ்சின் ஆகிய ஐந்தில் ஒன்றில் தடை உளது.

விளக்கு எரிகிறதே, பாட்டரி நன்றாயில்லையா?

இக்கேள்வி எங்கும் எழுவது. விவசாயிகள் இதனை எளிதில் உணர்வர். வாய்க்காலின் மடையில் குப்பை அடைத்திருந்தாலும் குடத்தை நிரப்பும் அளவுக்குத் தண்ணீர் கசிந்து வரும். வயலுக்குப் பாய்ச்ச முற்படும்போதுதான் அடைப்பு வெளிப்படும்.

கணக்கும் அதனையே கூறுகிறது. பாட்டரி முனையில் பூத்த உப்பினால் ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை ஏற்பட்டுள்ளதாகக் கொள்வோம். இரு முன்விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தால், அத்தடையில் இழப்பது 0.2 வோல்ட் மாத்திரமே. விளக்கு பிரகாசமாகவே எரியும். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்க முற்படும்போதோ, அதே தடையில் 3 வோல்ட் இழக்கப்படுகிறது. 12 வோல்ட் பாட்டரியில் இது கால் பங்கு. மோட்டார் திணறுவதில் வியப்பில்லை. எனவே விளக்கு எரிவதொன்றைக் கொண்டு பாட்டரியும் கேபிளும் நலம் என்று முடிவு கட்டலாகாது.

ஒலியின் வகை

முதலில் செவியைப் பயன்படுத்துக. 'டக்-டக்-டக்' என்று விரைவாகப் பலமுறை ஒலித்தால், பெரும்பாலும் பாட்டரி வலுவிழந்துள்ளது, அன்றி அதன் முனைகள் தளர்ந்தோ உப்புப் பூத்தோ உள்ளன. சொலினாய்டு இழுத்தவுடன் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. காந்தம் தண்டை விட்டுவிடுகிறது. சுமை நீங்கியதும் அழுத்தம் மீண்டும் ஏறுகிறது. இவ்விதம் மாறி மாறி நிகழ்வதே அத்தொடர் ஒலி.

ஒரே ஒரு 'டக்' மாத்திரம் கேட்டால், சொலினாய்டின் செப்பு முனைகள் கருகியிருத்தல், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருத்தல், எர்த் இணைப்பு கெட்டிருத்தல், பினியன் சக்கரம் சிக்கியிருத்தல் ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

முன்னெச்சரிக்கை

சோதனைக்கு முன் கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக் போடுதல் கட்டாயம். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதனருகே பீடியோ தீக்குச்சியோ கூடாது. கேபிளைக் கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். மிகப் பழைய ஆங்கிலேய அமைப்பு வண்டிகளில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருப்பதுண்டு. ஆதலால் முதலில் அதனைப் பார்த்தறிக. ஸ்குரூடிரைவரால் சொலினாய்டின் இரு முனைகளைக் குறுக்கே தொட்டு மோட்டாரைச் சுழற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. வண்டி கியரில் இருந்தால் அது பாய்ந்து முன்னிற்பவரை நசுக்கிவிடக்கூடும். இப்பழக்கத்தை அறவே தவிர்த்தல் நன்று.

சோதனை முறை

1. முன்விளக்கை ஏற்றி வைத்துச் சாவியைத் திருப்புக. விளக்கு அணைந்துவிடுமாறு மங்கினால் பாட்டரி, அதன் முனைகள், அல்லது சிக்கிக்கொண்ட மோட்டார் காரணமாகலாம். விளக்கு சிறிதும் மங்காவிடின் பெரிய மின்னோட்டம் மோட்டாருக்குச் செல்லவேயில்லை என்பது பொருள்.

2. பாட்டரி முனைகளைக் கழற்றிப் பார்க்கவும். வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் சோடா உப்புக் கலந்த வெந்நீரால் கழுவுக. அந்நீர் பாட்டரியின் உள்ளே செல்லலாகாது. முனைகளை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக மாட்டி, மேலே வாஸலின் தடவுக. இதற்கு ஆகும் செலவு சில ரூபாய்களே. கோளாறு இவ்வளவில் தீர்ந்துவிடுவதும் உண்டு.

3. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரால் பாட்டரியை அளக்கவும். சார்ஜ் செய்தபின் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாயுள்ளது. 12.2 வோல்ட் என்றால் பாதியளவு. 12க்குக் கீழ் இறங்கினால் முதலில் சார்ஜ் செய்க. உடனே புதிது வாங்க வேண்டுவதில்லை. ஹைட்ரோமீட்டர் இருப்பின் ஆறு அறைகளையும் தனித்தனியே சோதிக்கவும். ஓர் அறை மாத்திரம் மற்றவற்றினின்று 0.050க்கு மேல் குறைந்து நிற்குமாயின் அவ்வறை கெட்டுவிட்டது எனக் கொள்ளலாம்.

4. ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றொருவர் பாட்டரி முனைகளில் அளக்க வேண்டும். நல்ல பாட்டரி அச்சுமையிலும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. நிறைய சார்ஜ் ஏற்றியும் இறங்கினால் அப்போது பாட்டரியைக் குறை கூறலாம்.

5. பாட்டரி தாங்கினால், அழுத்தம் எங்கே இழக்கப்படுகிறது எனத் தேடுக. சாவி திருப்பப்பட்டிருக்கும்போது, எர்த் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டரை வைக்கவும். 0.5 வோல்ட்டுக்கு மேற்பட்டால் எர்த் இணைப்பு கெட்டுள்ளது. அவ்வாறே மற்ற முனைக்கும் சொலினாய்டுக்கும் இடையிலும், சொலினாய்டின் இரு தடித்த முனைகளுக்கு இடையிலும் அளக்கவும். 'டக்' ஒலித்த பின்னும் அவ்விரு முனைகளுக்கிடையே பல வோல்ட் காட்டினால் உட்செம்பு கருகிவிட்டது. சொலினாய்டை மாற்றுக.

6. மோட்டாரின் முனைவரை முழு அழுத்தம் வந்தும் சுழலவில்லையெனில் கோளாறு மோட்டாரில். அதன் உடலை மரக்கட்டையால் மெல்லத் தட்டியபின் சுழன்றால் பிரஷ் தேய்ந்துள்ளது எனலாம். தட்டுவது சோதனையேயன்றிச் சிகிச்சையன்று. பழைய வகை ஸ்டார்ட்டரில் பினியன் சிக்கியிருந்தால், சாவியை எடுத்துவிட்டு, மேல் கியரில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைக்க விடுபடக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு

2022ஆம் ஆண்டில் நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், பத்து மாதங்களுக்குள் இரண்டு பாட்டரிகளும், ஸ்டார்ட்டருக்குச் சுருள் கட்டிய கூலியும் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. இரவில் விளக்கை அணைக்காமல் விட்டு ஓட்டுநரே பாட்டரியைக் கெடுத்தார் என்று கருதி, இரண்டாம் பாட்டரியின் விலையை அவர் சம்பளத்தில் மூன்று தவணைகளாகப் பிடித்தம் செய்யும் தீர்மானமும் தயாராயிருந்தது. அவரோ பதினெட்டு ஆண்டுகள் சங்கத்தில் பணியாற்றியவர்.

அவரை அழைத்து விசாரித்தபோது, "ஐயா, செல்ப் அடிக்கும்போதெல்லாம் சோக் கம்பி கை வைக்க முடியாதபடி சுடுகிறது. முன்னமே சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை" என்றார். இச்சொல்லே கோளாறின் திறவுகோலாயிற்று. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே பின்னிய செப்புப் பட்டை ஒன்று எர்த்தாக இணைக்கப்பட்டிருக்கும். அப்பட்டை கெட்டால், மின்னோட்டம் திரும்பிச் செல்ல வேறு வழி தேடி, எஞ்சினையும் உடலையும் இணைக்கும் சோக் கம்பி போன்றவற்றின் வழியே பாய்ந்து அவற்றைச் சுடவைக்கும். பழைய வகையில் சொலினாய்டு வண்டியின் உடலில் பொருத்தப்பட்டிருப்பதால், அது மாத்திரம் தடையின்றி 'டக்' என்று ஒலிக்கும்.

மெக்கானிக் ஒருவரை வரவழைத்து அளக்கச் செய்தோம். பாட்டரி 12.6 வோல்ட் காட்டிற்று. எர்த் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே, சாவி திருப்பிய நிலையில், 7 வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. பட்டை எண்ணெயும் துருவும் படிந்து, இழைகள் பெரும்பாலும் அற்றுக் கிடந்தது. புதுப் பட்டை போட்டதும் முதல் திருப்பிலேயே எஞ்சின் கிளம்பியது. அதற்கான செலவு ஒரு பாட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிடித்தத் தீர்மானம் கைவிடப்பட்டது. ஓட்டுநரின் சொல்லை முதல்நாளே குறித்துக்கொண்டிருந்தால், சங்கத்துக்குப் பண நஷ்டமும் அவருக்கு மனவருத்தமும் நேர்ந்திரா.

அவசர காலத்தில்

சந்தை நாளில் வண்டி நின்றுவிட்டால், இரண்டாம் கியரில் வைத்துத் தள்ளிக் கிளப்பலாம். வேறு 12 வோல்ட் வண்டியிலிருந்து கேபிள் இணைப்பதாயின், நெகடிவ் எர்த் உள்ள வண்டிகளில், பாசிட்டிவுக்குப் பாசிட்டிவை முதலில் இணைத்து, நல்ல வண்டியின் நெகடிவை நின்ற வண்டியின் எஞ்சின் உடலில், பாட்டரிக்குத் தள்ளி, இணைக்க வேண்டும். எர்த் முறை வேறாயின் இதனை முயலாதிருப்பதே மேல். எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிடின் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட் ஆகியவற்றைப் பார்க்கவும். சார்ஜ் ஏறாத வண்டியில் எத்தனை புதுப் பாட்டரி போட்டாலும் வீணே.

நிர்வாகக் குழுவினருக்கு

வண்டிக்கென ஒரு குறிப்பேடு வைத்து, ஓட்டுநர் கூறும் கோளாற்றை அவர் சொற்களிலேயே தேதியிட்டு எழுதுக. பாட்டரி, ஸ்டார்ட்டர் போன்ற விலையுயர்ந்த சாமான் வாங்கும் வவுச்சருடன் சோதனை அளவுகள் எழுதிய தாள் ஒன்றையும் இணைக்கச் செய்க. மாதம் ஒருமுறை பாட்டரி முனைகளையும் எர்த் பட்டையையும் பார்வையிட்டு, வடிநீர் குறைந்திருந்தால் ஊற்றுவிக்க. கிணற்று நீர் கூடாது. சோதனை முடியுமுன் எவர்மீதும் நஷ்டத்தைச் சுமத்தாதீர்.

ஒரு மீட்டரும் அரைமணி நேரப் பொறுமையும் இருந்தால் இச்சோதனைகள் எந்தச் சங்கத்திலும் இயலக்கூடியவை. அதனால் மிஞ்சும் பணம் நூல் வாங்கவும் விதை வாங்கவும் அங்கத்தினர்க்குப் பயன்படும்.