வாடைக்காலத்துக் கப்பல்

நுழையும்முன்

கடல் பிரிக்கவும் செய்யும்; இணைக்கவும் செய்யும். காற்று இசைவாக இருக்கும் மாதங்களில் கலம் செலுத்துவது எளிது. காற்று எதிர்க்கும் மாதங்களிலும் கப்பல் வருமா என்பதே கரையில் வாழும் மக்களின் கேள்வி. தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் இடையே ஓடிய கப்பலையும், உலகின் வடகோடியில் பனிக்காலம் முழுவதும் ஓடும் கப்பலையும் ஒருங்கே வைத்து அக்கேள்விக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

காற்றுக்குப் பெயரிட்டவர்கள்

கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை எனக் காற்றைத் திசையால் பகுத்துப் பெயரிட்டனர் தமிழர். நாவாய், வங்கம், அம்பி, தோணி எனக் கலங்களுக்கும் அளவும் பயனும் நோக்கிப் பல பெயர்கள் வழங்கின. கரிகாலனின் முன்னோர் காற்றை ஏவல்கொண்டு கடலில் கலம் செலுத்திய திறத்தைப் புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார் போற்றுகிறார். கடற்பயணம் என்பது காற்றை அறிதல் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, அவிநாசி போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையாக வந்துசேர்கிறது. மானாவாரி நிலமும் குளமும் அம்மழையை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றன. உழவர் வரவேற்கும் அதே காற்று, நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட பாக் நீரிணையில் பயணத்தைத் தடுக்கும் அலையாக மாறுகிறது.

பாக் நீரிணை ஆழமற்ற கடல். பல இடங்களில் அதன் ஆழம் பதினைந்து மீட்டரைத் தாண்டுவதில்லை. ஆழ்கடலில் அலை நீண்டும் தாழ்ந்தும் உருள்கிறது. ஆழமற்ற கடலிலோ கடலடித் தரையின் தாக்கத்தால் அலையின் வேகம் குறைகிறது. அலைக்கும் அலைக்கும் இடைவெளி சுருங்குகிறது. அலை செங்குத்தாக எழுகிறது. இத்தகைய குறுகிய அலைகள் சிறிய கலங்களை ஓயாமல் உலுக்கும். இராமேசுவரம் தீவின் மக்கள் வடபுறத்துக் கடலைப் ‘பெண்கடல்’ என்றும் தென்புறத்துக் கடலை ‘ஆண்கடல்’ என்றும் அழைப்பர். ஆண்டின் பெரும்பகுதி அமைதியாக விளங்கும் பெண்கடல், வாடைக்காலத்தில் சீற்றம் கொள்கிறது.

இருகரை இணைத்த வழி

இலங்கையின் மலைத்தோட்டங்களில் முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடப்பட்டன. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் அங்குச் சென்றனர். தொடக்கத்தில் அவர்கள் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காடுகளின் வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

1914ஆம் ஆண்டு பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. இரயில் பாதை தனுஷ்கோடி வரை நீண்டது. சென்னை எழும்பூரில் இரயில் ஏறிய பயணி, தனுஷ்கோடியில் இறங்கி நீராவிக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரை அடைந்தார். அங்கு அவருக்காகக் கொழும்பு இரயில் காத்திருந்தது. இரயிலும் கப்பலும் ஒரே பயணத்தின் இரு பகுதிகளாக அமைந்த இவ்வழியை மக்கள் ‘போட் மெயில்’ என்றனர். தோட்டத் தொழிலாளர்கள் மட்டும் புறப்படுமுன் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாள்கள் நிறுத்திவைக்கப்பட்டனர். ஒரே கப்பலில் சென்றாலும் எல்லாருக்கும் பயணம் ஒன்றாக இருக்கவில்லை.

1964ஆம் ஆண்டு இவ்வழியின் வரலாற்றில் இரு திருப்பங்களைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிய முடிவு தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு திங்கள் கழியுமுன், டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பெரும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில் நிலையம், கப்பல்துறை, குடியிருப்பு அனைத்தும் அழிந்தன. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என அறிவிக்கப்பட்டது. பாம்பன் பாலத்தின் சேதத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாள்களில் சீரமைத்தது. தனுஷ்கோடியை மீட்க இயலவில்லை.

பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. உடன்பாட்டின்படி தாயகம் திரும்பியோர் அக்கப்பலில் வந்து இறங்கினர். பலர் இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்கள். தாயகம் என்று சொல்லப்பட்ட மண்ணை முதன்முறையாக மிதித்தவர்கள். அவர்களுக்கு வேலை அளிக்கவே 1968இல் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் தொடங்கப்பட்டன. மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலைச்சரிவுகளில் தேயிலை கிள்ளும் குடும்பங்கள் சிலவற்றின் வரலாற்றில் இன்றும் அக்கப்பல் இருக்கிறது. இலங்கையில் போர் மூண்டபின், 1980களில் அப்பயணமும் நின்றது.

மீண்டும் தொடங்கிய பயணம்

2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நின்றது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குச் ‘செரியபாணி’ என்னும் கலம் புறப்பட்டது. கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பயண நேரம் நான்கு மணிக்குள். எனினும், தொடங்கிய சில நாள்களிலேயே பருவக்காற்றை முன்னிட்டு அப்பயணம் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டு 16ஆம் நாள் ‘சிவகங்கை’ என்னும் கலம் பயணத்தை மீண்டும் தொடங்கியது. நவம்பரில் வானிலை காரணமாக அதுவும் நின்று, 2025 பிப்ரவரியில் தொடர்ந்தது. வாடைக்காலம் இப்பயணத்தின் விடுமுறைக்காலமாகியுள்ளது.

வடதுருவக் கரையில்

நார்வே நாட்டின் மேற்குக்கரை நீண்டது. மலைகளாலும் கடற்கழிகளாலும் துண்டுபட்டது. அதன் வடபகுதி ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் அமைந்துள்ளது. அங்குள்ள மீனவ ஊர்களுக்குச் சாலை அமைப்பது அரிதாக இருந்த காலத்தில், துரோண்ட்ஹைம் நகரிலிருந்து வடக்கே ஹாமர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் செல்லக் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து மாதமும் ஆயின.

இந்நிலையை மாற்ற நார்வே அரசு ஒரு கப்பல் வழியைத் திட்டமிட்டது. இருளிலும் புயலிலும் பாறைகள் நிறைந்த கரையோரம் கப்பல் செலுத்த நிறுவனங்கள் தயங்கின. ரிச்சர்ட் வித் என்னும் கப்பல் தலைவர் முன்வந்தார். அவரும் வழிகாட்டியான ஆண்டர்ஸ் ஹோல்டேயும் முந்தைய பயணங்களில் திசை, வேகம், நேரம் ஆகியவற்றைத் தொடர்ந்து குறித்துவைத்திருந்தனர். எந்தத் திசையில் எத்தனை நிமிடம் சென்றபின் திரும்ப வேண்டும் என்னும் அக்குறிப்பே இருளில் அவர்களுக்குக் கண்ணாயிற்று. 1893 ஜூலை 2ஆம் நாள் ‘வெஸ்டரோலன்’ என்னும் நீராவிக் கப்பல் துரோண்ட்ஹைமிலிருந்து புறப்பட்டது. ஐந்து மாதம் எடுத்த கடிதம் ஏழு நாளில் சென்றது. ‘விரைவு வழி’ எனப் பொருள்படும் ‘ஹூர்டிகுரூட்டன்’ என்னும் பெயர் அதற்கு நிலைத்தது.

இன்று இவ்வழி தெற்கே பெர்கன் முதல் வடகிழக்கே கிர்க்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொடுகிறது. சென்று திரும்பப் பன்னிரண்டு நாள் ஆகும். நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி பிற்பகுதி வரை வடபகுதியில் கதிரவன் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. நண்பகலில் நீலநிற மங்கல் ஒளி சில மணி நேரம் பரவி மறைகிறது. அந்த இருளில் கப்பல் துறையை அடைகிறது, சரக்கு இறங்குகிறது, அடுத்த ஊருக்குச் செல்வோர் ஏறுகின்றனர், கப்பல் புறப்படுகிறது. சுற்றுலாப் பயணிகள் துருவ ஒளியைக் காண மேல்தளத்தில் நிற்க, உள்ளூர் மக்கள் அதைப் பேருந்து போலப் பயன்படுத்துகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் இருந்தும் நார்வேயின் மேற்குக்கரைத் துறைமுகங்கள் குளிர்காலத்தில் உறைவதில்லை. தெற்கிலிருந்து வரும் வெப்பமான வட அட்லாண்டிக் நீரோட்டம் அக்கரையைத் தழுவிச் செல்வதே காரணம்.

ஏன் அங்கு இயல்கிறது?

ஆர்க்டிக் இருளில் ஓடும் கப்பல், வெப்பமண்டலக் கடலில் நிற்பது வியப்பாகத் தோன்றலாம். இதற்கு இயற்கையும் மனித முயற்சியும் காரணங்களாகின்றன.

முதலாவது நில அமைப்பு. நார்வேயின் கரையை ஒட்டி எண்ணற்ற சிறு தீவுகள் அரண்போல் நிற்கின்றன. கப்பல் பெரும்பாலும் தீவுகளுக்கும் கரைக்கும் இடையே ஆழமான நீரில் செல்கிறது. திறந்த கடலை எதிர்கொள்ளும் பகுதிகள் சிலவே. பாக் நீரிணையில் வடகிழக்குக் காற்றை மறிக்கும் தீவு அரண் இல்லை, ஆழமும் குறைவு. எனவே அங்கு ஓடும் பெருங்கப்பலை இங்குக் கொண்டுவந்து ஓட்டுவதும் எளிதன்று.

இரண்டாவது கலம். நூற்றைம்பது பேர் செல்லும் கலத்துக்கும் பல நூறு பேரோடு சரக்கையும் ஏற்றும் கப்பலுக்கும் அலையைத் தாங்கும் ஆற்றல் வேறுபடும். நார்வேயிலும் கடும் புயலில் தலைவர் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துச் செல்வதுண்டு. பயணத்தை நிறுத்தத் தெரிவதும் கப்பல் செலுத்தும் அறிவின் பகுதியே.

மூன்றாவது பொதுப்பொறுப்பு. பயணிகள் குறைந்த குளிர்காலத்தில் கட்டணம் மட்டுமே கொண்டு கப்பல் ஓட்டினால் இழப்பு நேரும். ஆகவே குறித்த துறைமுகங்களை ஆண்டு முழுவதும் தொடவேண்டும் என நார்வே அரசு ஒப்பந்தமிட்டு, அதற்கான பணத்தை அளிக்கிறது. இருளில் வாழும் சிற்றூருக்கும் பெருநகருக்கு உள்ள அதே தொடர்பு உரியது என்னும் எண்ணம் அதன் அடிப்படை.

தமிழர் கண்ட வடகடல்

1980களின் பிற்பகுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் இலங்கையிலிருந்து போரால் புலம்பெயர்ந்த தமிழர் பலர், நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் பகுதியில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்தனர். வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் முதலிய அப்பகுதி மீன்பிடித் துறைகள் இக்கப்பல் தொடும் இடங்களே. பாக் நீரிணையில் கப்பல் நின்றுபோன அதே காலத்தில், கதிரவன் எழாத கடற்கரையில் தமிழ்க்குடும்பங்கள் கப்பல் வரும் ஊர்களில் வாழத் தொடங்கின.

கப்பலின் தேவையை உணர அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தில் உள்ள நெடுந்தீவுக்குச் சாலை இல்லை. குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணமே வழி. வாடைக்கடல் கொந்தளிக்கும் நாளில் படகு நின்றால், மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நோயாளியும் பள்ளிக்கு வரவேண்டிய ஆசிரியரும் கரையில் காத்திருக்க நேர்கிறது. கடலை வேடிக்கை பார்ப்பவருக்கு அலை அழகு; கடந்தாக வேண்டியவருக்கு அதுவே வாழ்வின் கணக்கு.

நிறைவாக

காற்றை மாற்ற மனிதரால் இயலாது. காற்றை அளக்கலாம், அதற்கேற்ற கலம் கட்டலாம், துறையை ஆழப்படுத்தலாம், ஓட இயலாத நாள்களை முன்கூட்டியே அறிவித்து மாற்றுவழி அமைக்கலாம். குறிப்பேடும் திசைகாட்டியும் கொண்டு துருவ இருளில் வழி கண்டவர்களின் வரலாறு இதற்குச் சான்று. இருகரைத் தமிழரையும் இணைக்கும் கப்பல் வாடைக்காலத்தில் எத்தனை நாள் பாதுகாப்பாக ஓட இயலும் என்பது, அறிவியலும் அரசும் சேர்ந்து விடை காணவேண்டிய கேள்வியாக நிற்கிறது.

கற்பவை கற்றபின்

1. காற்று, கலம் ஆகியவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து அகராதி ஒன்று உருவாக்குக.
2. வடகிழக்குப் பருவக்காற்று உங்கள் ஊருக்குத் தரும் நன்மையையும் கடலோர மக்களுக்குத் தரும் இடரையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
3. ‘இழப்பு நேரினும் சிற்றூர்களுக்குப் போக்குவரத்தை அரசு தொடரவேண்டும்’ என்னும் கருத்தை வகுப்பறையில் விவாதிக்க.