"ஹும்" என்கிறதா கிடார் பெட்டி?

உங்கள் வீட்டில் கிடார் வாசிக்கும் பிள்ளை இருக்கிறானா? பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து கூடத்தில் வைத்திருக்கிறானா? அப்படியானால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான், அம்மா!

ஸ்விட்சைப் போட்டதும், அவன் தந்தியைத் தொடுவதற்கு முன்பே பெட்டி "ஹும்..." என்று ஆரம்பித்துவிடும். தம்பூரா சுருதியானால் ரசிக்கலாம்; இதுவோ காதுக்குள் புகுந்த வண்டு! பெட்டியைத் திறக்காமலே குற்றவாளியைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் உண்டு.

முதலில், கிடார் ஒயரைப் பெட்டியிலிருந்து உருவச் சொல்லுங்கள். சத்தம் நின்றுவிட்டால் பெட்டியின் மேல் பழியில்லை. குற்றம் ஒயரிலோ கிடாரிலோ இருக்கலாம். பக்கத்தில் எரியும் டியூப் லைட்டாகவும் இருக்கலாம்.

நிற்கவில்லையா? வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். அப்போதும் அதே சத்தமென்றால், மின்சாரத்தைச் சமன்படுத்தும் கன்டென்ஸர்கள் வயதாகி வறண்டிருக்கலாம். அல்லது ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வுகள் தளர்ந்திருக்கலாம்.

மூன்றாவது, 'ரிவர்ப்' குமிழ். கோயில் மண்டபத்தில் பாடினால் குரல் சுற்றி வருகிறதல்லவா? அந்த எதிரொலியைத் தருவது, தகரத் தட்டு ஒன்றில் தொங்கும் சுருள் கம்பிகள். ஹாமண்ட் ஆர்கனில் பயன்பட்ட இந்த உபாயத்தை, அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனியார் 1963-ல் தங்கள் கிடார் பெட்டிக்குள்ளேயே பொருத்தினார்கள். இந்தக் குமிழைக் குறைத்ததும் ஹும் அடங்கினால், தட்டுக்குப் போகும் மெல்லிய ஒயர்களைச் சந்தேகியுங்கள். தட்டு, டிரான்ஸ்பார்மருக்கு மிக அருகில் இருந்தாலும் இரைச்சல் வரும்.

எதிரொலியே வரவில்லையா? குமிழைக் கூட்டிவிட்டுப் பெட்டியை லேசாக அசையுங்கள். இடி இடித்தாற்போல் கேட்டால் திரும்பி வரும் வழி சரி. பழுது போகும் வழியில். ஒன்றுமே கேட்காவிட்டால் பழுது திரும்பும் வழியில். இதைச் சொன்னாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

இனித்தான் முக்கியமான விஷயம். "பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடு, ஹும் போய்விடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். சில சமயம் போகத்தான் போகும். கூடவே உயிருக்கிருந்த காவலும் போய்விடும்! உள்ளே ஒரு ஒயர் பழுதானால், எர்த் இருக்கும்வரை மின்சாரம் அதன் வழியே ஓடி ஃப்யூஸ் போய்விடும். எர்த் இல்லாவிட்டாலோ, ஒயர் வழியாகக் கிடார் தந்திக்கே மின்சாரம் வந்து நிற்கும். தந்தியில் விரலும் மைக்கில் உதடுமாக நிற்பவன் கதி என்ன? 1972 மே மாதம், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில், மேடையில் நின்ற லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார்.

இரண்டு பெட்டிகளை இணைக்கும்போது ஹும் வந்தால், இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். எர்த்தைத் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கன்டென்ஸர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆகவே திறப்பது மெக்கானிக்கின் வேலை.

இன்று மாலை பிள்ளை வாசிக்க உட்காருமுன் அந்தப் பிளக்கை ஒரு தடவை பாருங்கள். முள் மூன்றும் இருக்கின்றனவா? சுவரிலுள்ள எர்த் துவாரத்துக்கு உண்மையிலேயே இணைப்பு இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனையும் கேட்டுவிடுங்கள். பிறகு அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கட்டும்!