விர்ச்சுவல் மெஷினுக்கு மணி சொல்வது யார்?

போடிநாயக்கனூரில் இருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். ஏலக்காய் வியாபாரக் குடும்பம். கேள்வி சின்னதுதான்: "ஏலம் இப்ப கிளவுட்ல நடக்குது. கடைசி நொடியில ரெண்டு பேர் விலை கேட்டா, யார் முன்னாடின்னு எந்தக் கடிகாரம் சொல்லுது?"

அருமையான கேள்வி. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் இ-ஏலத்துக்கு ரெண்டு மையம் இருக்கு. மலைக்குக் கீழே போடி, மேலே இடுக்கி மாவட்டத்தில் புத்தடி. 2021-ல் கிளவுட் மென்பொருள் வந்தபிறகு ரெண்டு ஊர் வியாபாரிகளும் ஒரே ஏலத்தில் விலை கேட்கலாம். அந்த மென்பொருளை உதாரணமாகத்தான் எடுத்துக்கறேன், அதன் உள்ளே நான் போகலை.

முதலில் நேரடி பதில். வியாபாரி முன்னாடி இருக்கிற கம்ப்யூட்டர் மணிக்கு இதில் வேலையே இல்லை. விலைகளை ஒரே சர்வர் வாங்குதுன்னா, வந்து சேர்ந்த வரிசைக்கு ஒரு எண் போட்டாலே போதும், கடிகாரமே வேண்டாம். சிக்கல் எங்கே வரும்னா, விலையை வாங்குறது ஒரு மெஷின், லாட்டை முடிக்கிறது இன்னொண்ணு, பதிவேட்டில் எழுதுறது மூணாவது என்று ஆகும்போது. இவங்களுக்குள்ள அரை நொடி பிசகினால், நேரத்துக்கு வந்த விலை லாட் முடிந்தபிறகு வந்ததாகப் பதிவாகும். மூணு மாசம் கழிச்சு ஒரு விவசாயி "என் காய்க்கு அந்த விலையை ஏன் எடுக்கலை"ன்னு கேட்டா, காட்டுறதுக்கு அந்தப் பதிவேடுதான் இருக்கும்.

கிளவுடில் இந்த மெஷின்கள் எதுவும் நிஜப் பெட்டி இல்லை. ஒரே பெட்டிக்குள்ள பல விர்ச்சுவல் மெஷின்கள் குடியிருக்கு. அவற்றை கெஸ்ட்னு சொல்வோம். பெட்டிதான் ஹோஸ்ட். ஹோஸ்டில் உட்கார்ந்து, யார் எப்ப ஓடணும்னு தீர்மானிக்கிறது ஹைப்பர்வைசர். ஹைப்பர்வைசர் ஒரு கெஸ்டை நிறுத்தி வெச்சிட்டு இன்னொண்ணை ஓடவிடும். நிறுத்தப்பட்ட கெஸ்டுக்கு அது தெரியவே தெரியாது. தூங்கினவனுக்கு எவ்வளவு நேரம் தூங்கினோம்னு தெரியாதே, அது மாதிரி.

போடியில் இருந்து விடிகாலையில் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போறவங்களைப் பார்த்திருப்பீங்க. போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. ஒருத்தர் வளைவை விரல்விட்டு எண்ணிக்கிட்டே போறார்னு வைங்க. அஞ்சாவது வளைவில் தூங்கி ஒன்பதாவது தாண்டி முழிச்சார்னா, உச்சிக்குப் போனபிறகும் அவர் கணக்கில் 17 வராது. பழைய கெஸ்ட் இயங்குதளங்களின் கடிகாரம் இப்படித்தான் ஓடிச்சு. நொடிக்கு 100, 250, இல்லேன்னா 1000 தடவை டைமர் தட்டும், அதை எண்ணி நேரம் சொல்லும். தூக்கத்தில் தட்டினதெல்லாம் விட்டுப்போகும். அதைப் பிறகு மொத்தமாகக் கொடுத்து ஈடுகட்டப் பார்த்தாங்க, அப்ப கடிகாரம் திடீர்னு ஓட ஆரம்பிக்கும்.

எண்ணுறதை விட்டுட்டு, வளைவில் நிக்கிற எண் பலகையைப் பார்த்தால் தீர்ந்தது. லினக்ஸின் கேவிஎம் ஹைப்பர்வைசரில் இருக்கிற 'கேவிஎம்-க்ளாக்' செய்யறது இதுதான். ப்ராசஸருக்குள்ள டிஎஸ்சின்னு ஒரு கவுண்டர் நிக்காமல் ஏறிக்கிட்டே இருக்கும், யார் தூங்கினாலும் ஏறும். ஹோஸ்டும் கெஸ்டும் சேர்ந்து பார்க்கிற மாதிரி மெமரியில் ஒரு சின்ன இடத்தை ஒதுக்கிக்கறாங்க. அதில் ஹோஸ்ட் மூணு விஷயம் எழுதி வைக்கும்: கவுண்டர் இவ்வளவு காட்டினப்போ நேரம் இவ்வளவு, அங்கிருந்து கவுண்டரை நேனோசெகண்டாக மாத்த இதால் பெருக்கு. கெஸ்ட் கவுண்டரைத் தானே படிச்சு, கழிச்சு, பெருக்கி, கூட்டிக்கும். ஒவ்வொரு தடவையும் ஹைப்பர்வைசர் கதவைத் தட்ட வேண்டாம். அதான் இதன் அழகு. ஹோஸ்ட் எழுதிக்கிட்டிருக்கும்போதே கெஸ்ட் படிச்சிட்டா? அதுக்கும் ஒரு பதிப்பு எண் வெச்சிருக்காங்க. எழுதும்போது அது ஒற்றைப்படையில் நிக்கும். படிக்கிறதுக்கு முன்னும் பின்னும் எண் மாறியிருந்தாலோ, ஒற்றைப்படையா இருந்தாலோ, மறுபடி படிக்கணும். ஹைப்பர்-வியிலும் இதே யோசனைதான், பேர் வேற.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. இந்தப் பகிர்வில் கிடைக்கிறது நேரத்தின் ஓட்டம். "இப்ப காலை 10:32" என்கிற சுவர்க்கடிகார நேரத்தை கெஸ்ட், பூட் ஆகும்போது ஒரு தடவை ஹோஸ்டிடம் கேட்டுக்கும், அவ்வளவுதான். பிறகு ஹோஸ்ட் தன் கடிகாரத்தைத் திருத்திக்கிட்டாலும் அது கெஸ்டுக்குத் தானாக வராது. அதனால் கெஸ்டுக்குள்ளேயும் க்ரோனி மாதிரி ஒரு திருத்தும் நிரல் ஓடணும். நெட்வொர்க்கில் என்டிபி வழியாக மணி கேட்கலாம். அதைவிட நல்ல வழி, 2017-ல் லினக்ஸ் 4.11-ல் வந்த பிடிபி-கேவிஎம். ஹோஸ்டின் உண்மை நேரத்தையும், அதே கணத்தின் கவுண்டர் எண்ணையும் ஜோடியாகத் தரும். நடுவில் நெட்வொர்க் இல்லாததால் பிசகு மைக்ரோசெகண்ட் கணக்குக்கு இறங்கிடும்.

ஆனா எசமான் ஒருத்தர்தான் இருக்கணும். ஹைப்பர்வைசர் கொடுக்கிற டூல்ஸ் ஒரு பக்கம் நேரத்தை இழுக்க, என்டிபி இன்னொரு பக்கம் இழுக்க, கடிகாரம் ஊசலாடும். ஒண்ணை அணைச்சிடுங்க.

அப்புறம் ஹோஸ்டுக்கு யார் மணி சொல்றது? ஹோஸ்ட் தப்பாக இருந்தா எல்லா கெஸ்டும் ஒத்துமையாகத் தப்பாக இருக்கும். இந்திய நேரத்தைப் பராமரிக்கிறது டெல்லியில் இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம். அந்த ஆய்வகம் அல்லது என்ஐசியின் என்டிபி சர்வரோடு கடிகாரங்களை இணைக்கணும்னு செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவே போட்டிருக்கு. (சூரியனைக் கேட்டால் போடியில் உச்சிப்பொழுது சராசரியாக 12:20-க்குத்தான். நம்ம நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு. சர்வருக்கு அது பத்தின கவலை இல்லை.)

கடைசியா, ஸ்னாப்ஷாட். கெஸ்டை பத்து நிமிஷம் உறைய வெச்சு எழுப்பினா, அதன் சுவர்க்கடிகாரம் பத்து நிமிஷம் பின்னாடி நிக்கலாம். க்ரோனியின் வழக்கமான அமைப்பில், தொடங்கின முதல் சில திருத்தங்களுக்குத்தான் ஒரேயடியாகத் தாவ அனுமதி. அதுக்கப்புறம் மெதுவாகத்தான் நகர்த்தும், அதிகபட்சம் நொடிக்கு பன்னிரண்டில் ஒரு பங்கு. பத்து நிமிஷத்தைச் சரிக்கட்ட ரெண்டு மணி நேரம் ஆகும். அந்த ரெண்டு மணி நேரமும் பதிவேட்டில் தப்பான நேரம்தான் விழும். அதனால் ஏலம் மாதிரி வேலை பார்க்கிற மெஷின்னா, எழுப்பினதும் முதல்ல க்ரோனியை 'மேக்ஸ்டெப்' கொடுத்துத் தாவ வைங்க, 'ட்ராக்கிங்' போட்டு பிசகு எவ்வளவுன்னு பாருங்க. சேவையை அதுக்கப்புறம் திறந்தால் போதும்.