லண்டனில் ஒரு நாள்: குடும்பத்தோடும் கணக்கோடும்

மேற்படிப்புக்காகவோ பணிக்காகவோ லண்டனில் தங்கியிருக்கும் மகனையோ மகளையோ காணப் பெற்றோர் புறப்பட்டுச் செல்வது, இன்று நம் வாடிக்கையாளர் குடும்பங்களில் அரிய செய்தி அன்று. பட்டமளிப்பு விழா, பேரக்குழந்தையின் பிறந்தநாள் என ஏதேனும் ஒரு காரணம் அமையும். ஆனால் நகரைச் சுற்றிப் பார்க்க முழுமையாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நாள்தான். எழுபது வயதுப் பாட்டியும் எட்டு வயதுப் பேரனும் உடன் வருவார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. மற்றவருக்குப் பொறுமை இல்லை. இவற்றுக்கு நடுவே, காணும் விலையையெல்லாம் ரூபாயில் பெருக்கிப் பார்த்து அஞ்சும் மனம் வேறு.

அந்த அச்சம் ஓரளவுக்குத் தேவையற்றது. லண்டனின் மிகச் சிறந்த செல்வங்கள் பலவற்றைக் காணக் கட்டணமே இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவு இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டுமே சீட்டு வாங்க வேண்டும். எனவே, கட்டணம் உள்ள இடம் ஒன்று, இல்லாத இடம் ஒன்று எனத் தேர்ந்துகொண்டால் ஒரு நாள் நிறைவாக அமையும். ஒரே நாளில் ஆறு இடங்கள் எனத் திட்டமிடுவோர் எதையும் பார்ப்பதில்லை, வாயிற்படிகளையே பார்க்கிறார்கள்.

புறப்படுமுன் வீட்டிலிருந்தே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் புதிதாகவோ மாற்றாகவோ வழங்கப்படும் பற்று அட்டைகளும் கடன் அட்டைகளும் தொடக்கத்தில் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டையும், அட்டையைக் கருவியில் செருகாமல் அருகே காட்டிச் செலுத்தும் ‘கான்டாக்ட்லெஸ்’ வசதியையும் வாடிக்கையாளரே வங்கியின் செயலி வழியாகவோ கிளை வழியாகவோ இயக்கிக்கொள்ள வேண்டும். அப்போதே அன்றாடச் செலவுக்கு ஓர் உச்ச வரம்பையும் அமைத்துக்கொள்வது நன்று. அட்டை தொலைந்தாலும் இழப்பு அந்த எல்லைக்குள் அடங்க அது உதவும்.

லண்டனில் இறங்கியதும் இந்த ஆயத்தத்தின் பயன் விளங்கும். அந்நகரப் பேருந்துகளில் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதில்லை. நடத்துநரும் இல்லை, ஓட்டுநர் அருகே உள்ள மஞ்சள் வட்டத்தில் அட்டையைக் காட்டிவிட்டு ஏற வேண்டியதுதான். விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் சின்னம் உள்ள கான்டாக்ட்லெஸ் அட்டைகள் அங்கே செல்லும். பேருந்தில் ஏறும்போது மட்டும் காட்டினால் போதும். சுரங்க ரயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் காட்ட வேண்டும். வெளியேறும்போது காட்டத் தவறினால், எங்கே இறங்கினோம் என்பது தெரியாததால், உச்சக் கட்டணம் பற்று வைக்கப்படும்.

நம்மவர் பலரும் தடுமாறும் இடம் இதுதான்: ஓர் அட்டையில் ஒருவரே பயணம் செய்யலாம். கணவரின் அட்டையைக் காட்டி மனைவியும் உள்ளே செல்ல முடியாது. அதே அட்டையைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, காலையில் அட்டை, மாலையில் கைப்பேசி என மாற்றினாலும் கணினி அவற்றை இரு வேறு பயணிகளாகவே கொள்ளும். ஒரு நாளில் எத்தனை முறை பயணம் செய்தாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வசூலிக்காத உச்ச வரம்பு அங்கே உண்டு. அட்டையை மாற்றினால் அந்தச் சலுகை சிதறிப்போகும். அன்றைய பயணங்கள் யாவும் கூட்டப்பட்டு ஒரே தொகையாகவே கணக்கில் பற்றாகும் என்பதும் நினைவிருக்கட்டும். மாலைவரை பணம் கழியவில்லையே என்று ஐயுற வேண்டியதில்லை.

குழந்தைகளுக்குத் தனி ஏற்பாடு உள்ளது. 11 வயதுக்குட்பட்டோர் பேருந்தில் இலவசமாகச் செல்லலாம். கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு நான்கு குழந்தைகள்வரை சுரங்க ரயிலிலும் அவ்வாறே செல்லலாம். 11 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ‘ஆய்ஸ்டர்’ என்னும் பயண அட்டையை வாங்கி, நிலைய ஊழியரிடம் இளம் பயணிச் சலுகையைப் பதிந்துகொண்டால் கட்டணம் பாதியாகும். கேட்டால்தான் கிடைக்கும்.

வார நாட்களில் காலை ஆறரை முதல் ஒன்பதரைவரையும், மாலை நான்கு முதல் ஏழுவரையும் சுரங்க ரயிலில் கட்டணமும் கூட்டமும் மிகுதி. ஆகவே ஒன்பதரைக்குப் பின் புறப்படுவதே குடும்பத்துக்கு ஏற்றது. முதியோர் உடன் வந்தால் பேருந்தே சிறந்தது. 1863-இல் தொடங்கிய சுரங்க ரயிலின் பழைய நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. பேருந்தில் முதல் அட்டைப் பதிவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துகளில் ஏறினாலும் மறு கட்டணம் இல்லை. மாடிப் பேருந்தின் முன்னிருக்கை கிடைத்துவிட்டால் பேரனுக்கு வேறு கேளிக்கையும் வேண்டாம்.

காலைப் பொழுதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குத் தரலாம். நுழைவு இலவசமே ஆயினும், இணையத்தில் நேரத்தை முன்பதிவு செய்துகொண்டால் காத்திருப்பு குறையும். பத்து மணிக்குத் திறந்ததும் நேரே ரோசெட்டா கல்லிடம் சென்றுவிட வேண்டும். பதினொரு மணிக்குப் பிறகு அங்கே தலைகளே தெரியும். 1799-இல் நெப்போலியனின் படைவீரர் எகிப்தில் கண்டெடுத்த கல் அது. ஒரே ஆணை மூன்று எழுத்து வடிவங்களில் பொறிக்கப்பட்டிருந்தமையால், மறந்துபோன எகிப்தியச் சித்திர எழுத்தின் பூட்டு 1822-இல் திறந்தது.

நம்மவர் தவறவிடக் கூடாத மற்றொரு பகுதி, 33-ஆம் கூடத்தை ஒட்டி உள்ளது. கிருஷ்ணை ஆற்றங்கரை அமராவதியின் பௌத்தத் தூபியை அணிசெய்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. 1845-இல் சென்னை அரசாங்க அதிகாரி வால்டர் எலியட் அவற்றை அகழ்ந்து சென்னைக்கு அனுப்பினார். அங்கே ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்த பின், 1859-இல் கப்பலேறி லண்டனை அடைந்தன. அதே தூபியின் வேறு சிற்பங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. பேரக்குழந்தைகளை முதலில் எழும்பூருக்கு ஒரு நாள் அழைத்துச் சென்றுவிட்டு, பிறகு லண்டனில் அவற்றின் உடன்பிறந்த கற்களைக் காட்டினால், நாம் விளக்க வேண்டியது சிறிதே. அவர்கள் கேட்கும் கேள்விகள்தாம் பெரிதாக இருக்கும்.

மதிய உணவுக்கு, கையில் கட்டிவந்த புளியோதரை இருந்தால் அருகேயுள்ள ரஸ்ஸல் சதுக்கப் பூங்காவின் இருக்கைகள் போதும். சூடாக வேண்டுமெனில், யூஸ்டன் நிலையத்தை ஒட்டிய டிரம்மண்ட் தெருவில் இந்திய சைவ உணவகங்கள் உள்ளன. லண்டன் உணவகங்களின் பட்டியலில் பன்னிரண்டரை சதவீதம் சேவைக் கட்டணமாகச் சேர்க்கப்படுவதுண்டு. அது பெரும்பாலும் விருப்பத்துக்கு உரியது. சேவை திருப்தி தராவிடில் நீக்கச் சொல்லலாம்.

பிற்பகலில் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து 15-ஆம் எண் பேருந்தில் ஏறினால், புனித பவுல் பேராலயத்தைக் கடந்து லண்டன் கோபுரக் கோட்டையை அடையலாம். இதற்கு மட்டும் சீட்டு வாங்குங்கள். முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது நல்லது. இங்குள்ள அணிகலன் மாளிகையில் கோஹினூர் இருக்கிறது. 1849-இல் பஞ்சாபைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, பத்து வயதுச் சிறுவனாக இருந்த மன்னர் துலீப் சிங்கிடமிருந்து லாகூர் உடன்படிக்கையின் வழியே அதனைப் பெற்றது. 105.6 காரட் எடையுள்ள அந்த வைரம், 1937-இல் அரசி எலிசபெத்துக்காகச் செய்யப்பட்ட முடியில் பதிந்துள்ளது. அண்மையில் மறைந்த அரசியாரின் அன்னை அவர். கல்லைக் காட்டிலும் அந்த உடன்படிக்கையின் கதையே குழந்தைகள் மனத்தில் நிற்கும்.

கோட்டைக் கடையில் நினைவுப் பொருள் வாங்கும்போது அட்டைக் கருவி ஒரு கேள்வி கேட்கக்கூடும்: பவுண்டில் செலுத்துகிறீர்களா, இந்திய ரூபாயிலா? ரூபாய் என்றதும் விரல் தானே அங்கே போகும். ஆயினும் பவுண்டையே தேர்க. ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தைக் கடையின் பக்கத்துச் சேவை நிறுவனம் தன் ஆதாயத்தைச் சேர்த்து நிர்ணயிக்கிறது. அதன் மேல் அட்டைக்குரிய வெளிநாட்டுக் கட்டணமும் சேரக்கூடும். பணம் எடுக்கும் இயந்திரத்திலும் இதே கேள்வி வரும், விடையும் இதுவே. கடன் அட்டையில் ரொக்கம் எடுப்பதை அறவே தவிர்ப்பது நலம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். சுற்றுலாப் பயணிகளுக்குக் கடைகளில் வரியைத் திருப்பித் தரும் பழைய முறை 2021 முதல் அங்கே நடைமுறையில் இல்லை என்பதையும் கருத்தில் கொள்க.

மாலையில் கோட்டையை விட்டு வெளியே வந்தால் டவர் பாலம் எதிரே நிற்கும். 1894-இல் திறந்த அந்தப் பாலத்தின் மேல் நடக்கக் காசு வேண்டாம். ஜூன் மாதமாயின் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், ஆகவே அம்மாதத்தில் கோட்டையை முதலிலும் அருங்காட்சியகத்தைப் பிறகும் வைத்துக்கொள்ளலாம். உயர்ந்த கப்பல்கள் வரும்போது பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும். அந்த நேரங்களைப் பாலத்தின் இணையதளத்தில் முன்னரே வெளியிடுகிறார்கள். அன்று மாலை ஒன்று அமைந்தால், பாட்டிக்கு ஆற்றங்கரையில் ஓர் இருக்கை பிடித்துக்கொண்டு, கால் மணி நேரம் முன்னதாகவே சென்று அமர்ந்துவிடுங்கள்.