துப்பாக்கி இல்லாத புரூஸ் வில்லிஸ்: மணமுறிவுக் கதையில் அதிரடி நாயகன் திணறுவது ஏன்?

‘டை ஹார்ட்’ என்றதும் வெறுங்காலோடு கண்ணாடிச் சில்லுகளை மிதித்துச் செல்லும் புரூஸ் வில்லிஸ்தான் நினைவுக்கு வருவார். 1988இல் வெளிவந்த அந்தப் படம், உண்மையில் பிரிந்து வாழும் கணவன் மனைவியின் கதையாகத்தான் தொடங்குகிறது.

வேலைக்காகப் பிள்ளைகளோடு லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றுவிட்ட மனைவி ஹோலியைப் பார்க்க, நியூயார்க் போலீஸ்காரர் ஜோன் மெக்லேன் கிறிஸ்துமஸுக்கு வருகிறார். அலுவலகத்தில் அவர் பிறந்த வீட்டுப் பெயரையே பயன்படுத்துவது தெரிந்ததும் சண்டை மூள்கிறது. அது முடிவதற்குள் கொள்ளையர்கள் புகுந்துவிடுகிறார்கள். கடைசியில் ஜோன் அவரைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே அறிமுகம் செய்ய, ஹோலியோ ‘மெக்லேன்’ என்று திருத்துகிறார். பேசித் தீர்க்க வேண்டிய சண்டையைத் துப்பாக்கி தீர்த்து வைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1995இல் வந்த மூன்றாம் பாகத்தில் மீண்டும் பிரிவு. 2007இல் வந்த நான்காம் பாகத்தில் இருவரும் மணமுறிவு பெற்றவர்கள்.

அந்தத் துப்பாக்கியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 1999 அக்டோபரில் வந்த ‘த ஸ்டோரி ஆஃப் அஸ்’ அதைத்தான் சோதித்துப் பார்த்தது. ரோப் ரெய்னர் இயக்கிய இப்படத்தில் வில்லிஸ் எழுத்தாளர் பென். மிஷேல் ஃபைஃபர் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிக்கும் மனைவி கேட்டி. திருமணமாகி 15 ஆண்டுகள். பிள்ளைகள் கோடைக்கால முகாமுக்குச் சென்றிருக்கும்போது பிரிந்து வாழ்ந்து பார்க்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் நடிப்பு.

அதிரடிப் படத்தில் நாயகன் வாய் திறக்காமல் நின்றால் அது வீரம். அதே மௌனத்தை வீட்டில் மனைவியிடம் காட்டினால் அது குற்றம். அதிரடியில் அவன் வெல்ல வேண்டும். இங்கே யாராவது ஒருவர் வென்றாலே கதை தோற்றுவிடும். வில்லிஸின் அந்த ஒருபக்கச் சிரிப்புகூட இங்கே எடுபடவில்லை. பயங்கரவாதியிடம் அது துணிச்சலாகத் தெரியும், மனைவியிடம் ஏளனமாகத்தான் தெரியும்.

படத்தில் ஒரு காட்சி: கட்டிலில் இருவரும் வாதாடும்போது, இரு தரப்புப் பெற்றோரும் நடுவில் படுத்துக்கொண்டு யோசனை சொல்வதாகக் கற்பனை. நம் குடும்பங்களில் அதற்குக் கற்பனையே தேவைப்படாது!

படம் விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால், வில்லிஸுக்குக் கனமான வேடம் வராது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு இரண்டே மாதம் முன்பு வந்த ‘த சிக்ஸ்த் சென்ஸ்’ படத்தில், மனைவியோடு பேச்சற்றுப்போன கணவராக அவர் குரலை உயர்த்தாமலே நம்மைக் கட்டிப்போட்டார். இந்தப் படமோ அவரைக் கத்தவும் கோமாளித்தனம் செய்யவும் வைத்தது. முடிவில், முகாமுக்கு வெளியே ஃபைஃபர் அழுதபடி நீளமாகப் பேசுகிறார். வில்லிஸ் நின்று கேட்கிறார், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், படத்தில் அவர் மிக நன்றாக நடித்த இடமே அதுதான்.

அந்தச் சமயத்தில் அவர் சொந்த வாழ்விலும் பிரிவு நடந்துகொண்டிருந்தது. நடிகை டெமி மூரும் அவரும் பிரிவதாக 1998இல் அறிவித்தார்கள், 2000இல் மணமுறிவு பெற்றார்கள். 2022 மார்ச்சில், பேச்சாற்றலைப் பாதிக்கும் நோயால் வில்லிஸ் நடிப்பிலிருந்து விலகுவதாக வெளியான குடும்ப அறிக்கையில், இரண்டாவது மனைவி எம்மா ஹெமிங்கும் ஐந்து மகள்களும் பெயர் போட்டிருந்தார்கள். டெமி மூரின் பெயரும் அதில் இருந்தது.