ஐந்நூறு ஆண்டு நிலநடுக்கம்

1970 மே 31, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பெரு நாட்டின் அங்காஷ் பகுதி முக்கால் நிமிடம் ஆடியது. உவாஸ்காரன் சிகரத்திலிருந்து பெயர்ந்த பனியும் பாறையும் சேறாகப் பாய்ந்து, சில நிமிடங்களில் யுங்காய் நகரை மூடின. கல்லறை மேட்டுக்கு ஓடி ஏறிய சிலர் பிழைத்தார்கள். அங்காஷிலும் சுற்றுப்பகுதிகளிலும் இறந்தவர்கள் ஏறக்குறைய 70,000 பேர்.

இத்தனை சாவுக்கும் காரணம் பூமி மட்டும்தானா? யுங்காயில் தப்பியவர்களோடு பழகி ஆய்வு செய்த மானுடவியலாளர் அந்தோனி ஆலிவர்-ஸ்மித், இதை ஐந்நூறு ஆண்டு நிலநடுக்கம் என்றார். ஸ்பானியர் கால்வைத்த நாளிலிருந்தே அந்த மக்களின் பாதுகாப்பு குலையத் தொடங்கிவிட்டது என்பது அவர் வாதம்.

அதற்கு முன் ஆண்டிஸ் மக்கள் மலையின் பல உயரங்களில் சிதறி வாழ்ந்தார்கள். ஒரு சரிவில் விளைச்சல் பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். வீட்டுக்குப் புல்கூரை, சரிந்தாலும் ஆளை நசுக்காது. பஞ்சகாலத்துக்கு இன்கா அரசின் தானியக் களஞ்சியங்கள் இருந்தன. 1570களில் ஸ்பானிய ஆளுநர் டோலேடோ, வரி வசூலுக்கும் மதமாற்றத்துக்கும் வசதியாக அவர்களைக் கட்டாயமாக ஊர்களில் குவித்தார். நெருக்கமான தெருக்கள், சுடாத செங்கல் சுவர்கள், மேலே கனத்த ஓடுகள். 1970இல் உவாராஸ் நகரில் வீட்டைவிட்டு வெளியே ஓடியவர்கள் மீதும் குறுகலான தெருவின் சுவர்கள் சரிந்தன. அந்தச் சாவுகளைக் கட்டட விதிகளால் மட்டும் விளக்க முடியாது.

பிறகு அரசு வந்தது. இந்த இடம் ஆபத்தானது, யுங்காய் நகரைத் தள்ளியிருக்கும் திங்குவாவுக்கு மாற்றுவோம் என்றது. தப்பியவர்கள் மறுத்தார்கள். இறந்தவர்கள் யுங்காயிலேயே புதைந்திருந்தார்கள். மலைக்கிராமத்து விவசாயிகள் சந்தைக்கு இறங்கிவருவதும் அங்கேதான். சந்தை போனால் ஊருக்குப் பிழைப்பில்லை. இதை அறியாமை என்று ஒதுக்கும் அதிகாரி, பேரிடரின் பாதியைத்தான் பார்க்கிறார் என்பேன். வரைபடத்தில் பாதுகாப்பான புள்ளியைக் குறிப்பதற்கு முன் யார் யாரிடம் வாங்குகிறார், யாருடைய நிலம் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்.

மக்கள் விடவில்லை. இன்றைய யுங்காய் பழைய நகருக்குச் சற்று வடக்கே நிற்கிறது, அதே உவாஸ்காரனின் அடிவாரத்தில். ஆகவே எச்சரிக்கை ஏற்பாடும் மேட்டுக்கு ஏறும் வழிகளும் அவர்கள் விரும்பி வாழும் அந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.